ரெக்கார்டு போகலை மக்களே, வயர்தான் தப்பு!

செமஸ்டர் முடிந்து பத்து நாள் ஆகிறது. "பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத இரவுகள்" பதிவைப் படித்துவிட்டு "உருப்படியா ஏதாவது எழுதுடி" என்று திட்டிய வகுப்புத் தோழிகளே, இதோ உருப்படியான ஒன்று. கொஞ்சம் நீளம். நடுவில் வயர், பின், ஓம் என்றெல்லாம் வரும். பி.காம். படிக்கிற எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும், பயப்பட வேண்டாம் :-)

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில். சிப்காட் வந்த பிறகு எங்கள் பக்கம் எல்லோர் வீட்டிலும் ஒரே வியாபாரம்தான். வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்தால் வரிசையாக ரூம் கட்டு, கம்பெனிக்குப் போகிற பசங்களுக்கு வாடகைக்கு விடு. எங்கள் அப்பாவும் போன தை மாசம் முடிவெடுத்தார். பின்கட்டு அறையை இடித்துவிட்டு ஆறு ரூம். கணக்குப் பார்த்தால் அப்பா சொல்வது சரிதான், நானே எக்செலில் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பின்கட்டு அறையில்தான் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தது.

தாத்தா 1968இலிருந்து சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழா, எதுவானாலும் சுத்துப்பட்டு ஊர்களில் தென்னை மரத்தில் குழாய் கட்டுவது தாத்தாதான். "ரேடியோ செட்காரர்" என்றால்தான் அவரை இன்றைக்கும் பழைய ஆட்களுக்குத் தெரியும். எண்பதுகளில் கேசட் வந்ததும் ரெக்கார்டு எல்லாம் டிரங்குக்குப் போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 74 தட்டு. எல்.பி. கொஞ்சம், சின்ன 45 ஆர்.பி.எம். தட்டுகள் நிறைய, கனமான பழைய 78 ஆர்.பி.எம். தட்டு இருபத்திரண்டு. கூடவே நான்கு ஸ்பீடு வைத்த ஒரு ப்ளேயர், மரப்பெட்டியில்.

காயலாங்கடைக்காரர் வந்து 78 தட்டு ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்கும் இல்ல, தகரமும் இல்ல, எதுல போட்டு எடை போடுறது?" என்று கீழே வைத்துவிட்டார். (அவர் சொன்னது உண்மைதான். அது அரக்கு கலந்த கலவை. அரக்குப் பூச்சி நம் ஊர்க் காட்டு மரங்களில் வளர்வது. 1908இல் கல்கத்தா சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை போட்டபோது மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைத்தது.) டவுனில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். ஒரு தட்டைக் கொண்டுபோய் அவர்களே ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டு போயிடுச்சும்மா, வெறும் இரைச்சல்தான் வருது" என்றார்கள். மாமாவும் அதையேதான் சொன்னார். ஆக மூன்று பேர் போஸ்ட்மார்ட்டம் செய்து சர்டிபிகேட் கொடுத்தாகிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த மூன்று பேரில் ஒருவர்கூட வயரைப் பார்க்கவில்லை. வீட்டில் பழைய ரெக்கார்டு வைத்திருக்கிறவர்கள் "கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம், சரியா வரல" என்று தூக்கிப் போடுகிறார்களே, அதில் பாதிக்கு மேல் ரெக்கார்டின் குற்றமே இல்லை, இணைப்பின் குற்றம் என்று இந்த இரண்டு வாரத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது.

"அதான் எல்லாப் பாட்டும் யூடியூப்ல இருக்கே" என்று உடனே ஒரு குரல் கேட்கும். என் தங்கையின் குரல். 2017இல் சாரேகாமா கார்வான் வந்தது, அதில் 5,000 பாட்டு இருக்கிறது, தாத்தாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அவள் வாதம். சாரேகாமா என்பது நம் பழைய எச்.எம்.வி.தான், 2000இல் பெயர் மாற்றிக்கொண்டார்கள். ஹிட்டான பாட்டுக்கு அது சரி. ஆனால் ரெக்கார்டில் இருப்பதெல்லாம் ஹிட் பாட்டு மட்டும் இல்லை. 78 தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதனால் சினிமாவில் நீளமாக வந்த பாட்டைச் சுருக்கி, சில சமயம் தனியாக மறுபடி பாடிப் பதிந்தார்கள். படத்தில் கேட்பது வேறு, தட்டில் கேட்பது வேறு. அப்புறம் நாடகப் பாட்டு, நாதஸ்வரம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்துபோனார், பேசும் படத்தில் நடிக்கவே இல்லை. அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது தட்டு வழியாகத்தான். யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் தட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் என்றும் சொல்லலாம். பெரிய அளவில் இந்த வேலையைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் லைப்ரரி நிதி உதவியோடு மும்பையில் இருக்கிற இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தார் ஓடியன், யங் இந்தியா லேபிள் தட்டுகளைக் கணினிக்கு மாற்றினார்கள். அவர்களுக்கு அந்தத் தட்டுகள் எங்கிருந்து கிடைத்தன? சேகரிப்பாளர்களிடமிருந்துதானே. அரசாங்கக் கிடங்கிலிருந்து இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் நாள். ப்ளேயரிலிருந்து வரும் வயரின் முனையில் பழைய பின் இருந்தது. கன்வெர்ட்டர் ஒன்று போட்டு லேப்டாப்பின் காது ஓட்டையில் சொருகினேன் (ஹெட்போன் ஜாக்கைத்தான் சொல்கிறேன், என் லேப்டாப்பில் இருப்பதே ஒரே ஒரு ஓட்டை). ஆடாசிட்டி திறந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அலை அலையாகக் கோடு வந்தது. ஆகா! திருப்பிப் போட்டுக் கேட்டால் தூரத்தில் கீச்சுக் குரலில் பாட்டு, கூடவே ஃபேன் சத்தம், அதற்கு மேல் எங்கள் ஆயா "சோறு ஆறிப் போவுது, வர்றியா இல்லியா" என்று கத்துவது துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அவ்வ்வ்வ்!

விஷயம் என்னவென்றால் வயர் வழியாக ஒன்றுமே உள்ளே போகவில்லை. லேப்டாப்பின் சொந்த மைக், அறையில் கேட்டதைப் பதிந்திருக்கிறது. தட்டு சுற்றும்போது முள்ளிலிருந்தே சன்னமாகப் பாட்டு கேட்கும் இல்லையா, அதைத்தான் பிடித்திருக்கிறது. இந்த ஒற்றை ஓட்டையில் நாலு தொடுப்பு உண்டு. இடது காது, வலது காது, தரை, மைக். மூன்று வளையம் உள்ள பின்னைச் சொருகினால் "ஓ, ஹெட்போன் வந்திருக்கு" என்று நினைத்து அது நமக்குப் பாட்டு அனுப்பும். நாம் அனுப்புவதைக் கேட்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. ரெக்கார்டிங் ஓடும்போது லேப்டாப் மூடியில் மைக் இருக்கிற இடத்தை விரலால் தட்டுங்கள். டொக் டொக் என்று கோடு எகிறினால் நீங்கள் பதிவது வயரை அல்ல, அறையை. எனக்கு அந்த யோசனை வர ஒரு பகல் பிடித்தது.

மறுநாள் சென்னைக்குப் போகிற சாக்கில் ரிச்சி தெருவில் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கினேன். ஒரு பக்கம் நாலு வளையம், மறுபக்கம் மைக் ஒன்று, ஹெட்போன் ஒன்று என்று பிரியும். மைக் பக்கம் வயரைக் கொடுத்தேன். இப்போது வந்தது. ஆனால் எப்படி வந்தது தெரியுமா?

போட்டிருந்தது திருவிளையாடல் வசன ரெக்கார்டு. படம் வந்தது 1965. அந்தக் காலத்தில் பாட்டு மாதிரியே கதை வசனத்தையும் தட்டில் போட்டு விற்றார்கள், கோயில் விழாவில் ராத்திரி அதை முழுசாகப் போடுவார்கள், ஊரே மனப்பாடமாக ஒப்பிக்கும். கம்ப்யூட்டரில் சிவாஜி பேசுகிறார், நாகேஷ் பேசுகிறார், குரல் கரகரவென்று கருகின மாதிரி இருந்தாலும் தெரிகிறது. ஆனால் அவர்கள் பேச்சை நிறுத்தினால் பின்னணி இசை அப்படியே காணாமல் போகிறது! தண்ணீருக்குள் அமுக்கின மாதிரி ஒரு முனகல், அப்புறம் மௌனம். மறுபடி வசனம் வந்தால் இசையும் ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. தட்டுதான் தேய்ந்துவிட்டது என்று நானும் நான்காவது சர்டிபிகேட் எழுதப் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா சொன்னார்: "தேஞ்சிருந்தா பேச்சும் சேந்துதான்மா தேயும். பேச்ச உட்டுட்டு பாட்ட மட்டும் எந்த முள்ளு திங்கும்?"

அந்த ஒரு கேள்விதான். தட்டில் இருப்பது ஒரே பள்ளம். குரலும் இசையும் சேர்ந்தே அதில் இருக்கின்றன. தனித்தனியாகப் பிரிக்கிறது என்றால் பிரிக்கிற ஆள் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறான். தேடினேன். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்குக்கு "இரைச்சல் குறைப்பு" என்று ஒன்று ஆன் செய்யப்பட்டிருந்தது. ஆன்லைன் மீட்டிங்குக்காகச் செய்தது. மனிதக் குரலை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாம் இரைச்சல் என்று வெட்டுவதுதான் அதன் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. நாதஸ்வரம் அதற்கு நாய் குரைப்பும் ஹாரன் சத்தமும் மாதிரி. அதை அணைத்ததும் இசை திரும்பி வந்தது. புதுசாக லேப்டாப்பில் ரெக்கார்டு பதிகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். "என்ஹான்ஸ்மென்ட்" என்று எந்தப் பெயரில் எது இருந்தாலும் அணையுங்கள்.

ஆனாலும் அந்தக் கருகல் போகவில்லை. அடிக்கட்டை சத்தமும், அதாவது மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் எல்லாம், இல்லவே இல்லை. தகர டப்பாவுக்குள் கச்சேரி.

இந்த இடத்தில் என் சித்தப்பா மகன் ஒரு மகா யோசனை சொன்னான். (டிப்ளமோ படிக்கிறான், பெயர் வேண்டாம், மானம் போய்விடும்.) தாத்தாவின் பழைய அகுஜா ஆம்ப் இருக்கிறதே, அதில் ரெக்கார்டு நன்றாகத்தானே பாடும், அதன் ஸ்பீக்கர் முனையிலிருந்து வயர் இழுத்து லேப்டாப்பில் கொடுத்துவிடலாம் என்றான். வயரையும் சீவிவிட்டான். தாத்தா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மரத்துக்கு மரம் குழாய் கட்டி ரொம்ப தூரம் வயர் இழுக்கிறவர்கள் ஆம்ப்பில் நூறு வோல்ட் லைன் என்று ஒரு முனையில் கொடுப்பார்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டை எதிர்பார்ப்பது ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ. கொடுத்திருந்தால் என் லேப்டாப் அன்றைக்கே டிரங்குப் பெட்டிக்குப் போயிருக்கும். ரெக்கார்டு பதிய நினைக்கிற யாரும் ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைப் பக்கமே போகாதீர்கள்.

பிறகு ஆம்ப் ரிப்பேர் பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ப்ளேயரின் தலையைத் திருப்பிப் பார்த்தார். "பாப்பா, இது செராமிக்" என்றார். அங்கேதான் பாடம் ஆரம்பித்தது.

இன்றைக்கு விற்கிற டர்ன்டேபிள்களில் நல்லவற்றில் பெரும்பாலும் காந்தம் வைத்த கார்ட்ரிட்ஜ். அது கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட். அதைப் பெருக்கவும் சமன்படுத்தவும் ஃபோனோ ப்ரீஆம்ப் என்று தனிப்பெட்டி வேண்டும். இணையத்தில் படிக்கிற எல்லாக் கட்டுரையும் இதை நினைத்து எழுதப்பட்டவைதான். ஆனால் நம் ஊர் வீடுகளிலும் சவுண்ட் சர்வீஸ்களிலும் இருந்த பழைய ப்ளேயர்களில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக். முள் அசைந்தால் கல் நெரிந்து மின்சாரம் வரும், கேஸ் அடுப்பு லைட்டரில் வருகிற மாதிரி. அது கொடுப்பது அரை வோல்ட் பக்கம். காந்தத்தைவிட நூறு மடங்கு! அதை மைக் ஓட்டையில் கொடுத்தால் அது தாங்காமல் அலையின் தலையையும் காலையும் வெட்டிவிடும். கருகல் அதனால்தான்.

அடிச்சத்தம் ஏன் போனது என்பதற்கு அண்ணன் சொன்ன விளக்கம் இன்னும் அழகு. செராமிக் நிறைய வோல்ட் கொடுக்கும், ஆனால் இழுத்துக் குடித்தால் கொடுக்காது. எதிரில் இருக்கிற பெட்டி குறைந்தது ஐந்து லட்சம், பத்து லட்சம் ஓம் தடையோடு "சும்மா எட்டிப் பார்த்துக்கறேன்" என்று நின்றால் முழுசாகக் கொடுக்கும். லேப்டாப் மைக் ஓட்டைக்கு இருப்பது சில ஆயிரம் ஓம்தான். அது உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கும்போது முதலில் சாவது கீழ் ஸ்வரங்கள். பழைய ஆம்ப்பில் ஆக்ஸ் என்று போட்டிருக்கிற முனை செராமிக்குக்கு ஏற்ற பெரிய தடையோடு செய்யப்பட்டது, அதனால்தான் அங்கே பாடியது.

அவர் செய்து கொடுத்த மருந்து: பி.எஃப்.டபிள்யூ. 10 என்று ஒரு எஃப்.இ.டி. (பாலிடெக்னிக் லேபில் எல்லோரும் ஒன்றாவது உடைத்திருப்பார்கள் என்றார்), மூன்று ரெசிஸ்டர், ரெண்டு கெப்பாசிட்டர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. எல்லாம் ஒரு தீப்பெட்டி அளவு போர்டில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள். பெருக்குவது எதுவும் இல்லை. ப்ளேயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று, அந்தப் பக்கம் பத்து லட்சம் ஓம் மரியாதை காட்டி, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கேட்கிற அளவு கொடுக்கும், அவ்வளவுதான். காசு கேட்டதற்கு, "ஒங்க தாத்தாகிட்டதான் பாப்பா நான் குழாய் கட்டக் கத்துக்கிட்டேன்" என்று வாங்க மறுத்துவிட்டார். செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

கூடவே அவர் சொன்ன இன்னொன்று, லேப்டாப்பை விடு, பழைய டெஸ்க்டாப் ஏதாவது இருந்தால் பின்னால் நீல ஓட்டை இருக்கும், அதில் கொடு என்பது. அண்ணனுடைய பழைய கம்ப்யூட்டர் மாடியில் இருந்தது. பின்னால் மூன்று ஓட்டை: பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் லைன் இன். அந்த நீல ஓட்டையைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் உலகத்துக்கே எலக்ட்ரானிக்ஸ் செய்கிறார்கள். நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் வந்தது, 2014இல் மூடிப் போனது. 2007இல் டெல் வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானில் 2019லிருந்து ஐபோன். அந்த ஐபோனில் காது ஓட்டையை 2016லேயே எடுத்துவிட்டார்கள். லேப்டாப்புகளில் லைன் இன் எப்போது போனது என்றுகூட யாரும் கவனிக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு சத்தத்தை உள்ளே வாங்குகிற ஓட்டை ஒவ்வொன்றாக அடைபட்டு, வெளியே அனுப்புகிறது மட்டும் மிச்சம் இருக்கிறது. பத்து ரூபாய்கூட ஆகாத ஒரு ஓட்டை. அதை எடுத்ததில் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்று காஸ்ட் அக்கவுண்டிங் மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.

சரி, கோபத்தை ஓரமாக வைக்கிறேன். நீல ஓட்டையில் கொடுத்தேன். கருகல் இல்லை, மிருதங்கம் வந்தது, நாதஸ்வரம் வந்தது. கூடவே "ங்ங்ங்ங்" என்று ஒரு ரீங்காரம் வந்தது. பாட்டை விடச் சத்தமாக.

ரீங்காரம் என்றால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், ப்ளேயர் மோட்டாரைத் தள்ளி வைத்தேன். ம்ஹூம். வெறுத்துப் போய், சாஃப்ட்வேரிலேயே இரைச்சல் நீக்கி இருக்கிறதே, பதிந்தபின் 50 ஹெர்ட்ஸை வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெட்டிப் பார்த்தேன். 50ஐ வெட்டினால் 100 நிற்கிறது, 150 நிற்கிறது. எல்லாவற்றையும் வெட்டினால் தவில் அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தள்ளி வைக்கலாம் என்று தொட்டேன். சுரீர்!

"ஷாக் அடிக்குது தாத்தா" என்றேன்.

தாத்தா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகக் கொல்லைப்புறம் போனார். அவருக்கு 81 வயது, கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ச் செட் இறக்கியவர். இறக்கினதும் முதல் வேலை, ஒரு கம்பியைத் தரையில் அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த் எடுப்பது. எர்த் இல்லாவிட்டால் ஆம்ப் முனகும், மைக்கைப் பிடிக்கிற நாட்டாமைக்கு உதட்டில் ஷாக் அடிக்கும், வாடகைப் பாக்கி வராது. வீட்டு எர்த் குழாய் இருந்த இடத்தில் இப்போது புது ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டின மண் குவியல். மண்ணைக் காலால் தள்ளினார். எர்த் குழாய் சாய்ந்து கிடந்தது, கம்பி அறுந்து தனியாக. மண்வெட்டி பட்டிருக்கிறது. மேஸ்திரி ஆட்களுக்கு அது ஏதோ பழைய குழாய்.

அதாவது தை மாசத்திலிருந்து எங்கள் வீடு முழுக்க எர்த்தே இல்லாமல் இருந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மோட்டார், எல்லாம். ஆயா "கிரைண்டர் கடிக்குதுடி" என்று இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுக் கம்பி போட்டோம். தாத்தா ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். உள்ளே வந்து முள்ளை வைத்தேன். ரீங்காரம் போய்விட்டது. மிச்சம் இருந்த கொஞ்சமும் ப்ளேயர் மோட்டார் சட்டத்திலிருந்து ஒரு மெல்லிய வயரை டப்பாவுக்கு இழுத்ததும் அடங்கியது. அப்பா அன்றைக்கு ராத்திரி மேஸ்திரியிடம் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

ஒரு எச்சரிக்கை. ரீங்காரத்தை ஒழிக்க மூன்று பின் ப்ளக்கில் பெரிய பின்னை ஒடித்துவிடு என்று சில மேதாவிகள் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ரீங்காரம் போகலாம், ஆளும் போகலாம்.

இப்போது பதிகிற முறை பற்றி என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். பதியும்போது சத்தத்தை உச்சிக்குக் கொண்டுபோகாதீர்கள், மீட்டரில் கொஞ்சம் இடம் விடுங்கள், ஒரு கீறல் டப்பென்று அடித்தால் அது கொள்ள இடம் வேண்டும். எம்.பி.3யாகப் பதியாதீர்கள், வேவ் கோப்பாக வையுங்கள். மூன்று நிமிடப் பக்கம் மோனோவில் சுமார் 16 எம்.பி., இன்றைக்கு அது ஒரு இடமா? அப்புறம் கீறல் சத்தத்தை நீக்குகிறேன், மெருகு போடுகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். அழகுபடுத்த ஆசையாக இருந்தால் ஒரு நகல் எடுத்து அதில் விளையாடுங்கள். வயரில் இருந்த குற்றத்தைச் சாஃப்ட்வேரில் சரிக்கட்டப் பார்த்தபோது என் தவிலுக்கு என்ன ஆனது என்று மேலே சொன்னேன்.

தாத்தாவிடம் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டுத் தட்டு ஒன்று இருக்கிறது. எந்த விசேஷமானாலும் முதலில் அதுதான். ஒரு இடத்தில் முள் சிக்கி அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். தாத்தா ஒரு நாலணாவை முள் கையின் மேல் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார், எடை தாங்கித் தாண்டிப் போகட்டும் என்று. (அதுவும் செய்யாதீர்கள், பள்ளம் உழுதுபோகும். ஆனால் கல்யாண வீட்டில் பிள்ளையார் திக்கினால் அபசகுனம் என்று சண்டைக்கு வருவார்களாம், அவர் என்ன செய்வார் பாவம்.) நான் நாலணாவை எடுத்துவிட்டுப் பதிந்தேன். மூன்று முறை திக்கிவிட்டுத் தாண்டியது. அதை வெட்டி ஒட்டுவது இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த பக்கத்துத் தெருப் பெரியம்மா கேட்டுவிட்டு, சரியாக அந்த இடத்தில் மூன்று முறை தானும் திக்கிப் பாடினார். அவர் கல்யாணத்தில் போட்ட தட்டாம். வெட்டவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

சட்டம் பற்றி யாராவது கேட்பீர்கள். பிசினஸ் லா பேப்பரில் நான் 71. 1957ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 வருஷம், வெளியானதற்கு அடுத்த வருஷத்திலிருந்து கணக்கு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு, அது அவர்கள் காலத்துக்குப் பின் 60 வருஷம். சொந்த உபயோகத்துக்குப் படியெடுக்க அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் நான் பதிந்ததை வீட்டில் கேட்கிறோம், எங்கும் ஏற்றவில்லை. "எனக்கு அனுப்புடி" என்று கேட்டு சங்கடப்படுத்த வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள், ஆயா கையால் டீயோடு கேட்கலாம்.

எல்.பி.யும் 45உம் முடிந்துவிட்டன. 78 இருபத்திரண்டும் பாக்கி. அதற்கு முள் வேறு. பள்ளம் எல்.பி.யைவிட மூன்று மடங்கு அகலம், எல்.பி. முள்ளை வைத்தால் அடித்தளத்தில் உரசிக்கொண்டு வெறும் இரைச்சல்தான் வரும். (கம்ப்யூட்டர் கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "போயிடுச்சு" என்று சொன்னது ஒரு 78 தட்டைத்தான்!) எங்கள் ப்ளேயரில் ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பினால் 78 முள் வரும், ஆனால் அந்த முள்முனை உடைந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணன் தேடுகிறார், நானும் ரிச்சி தெருவில் இரண்டு முறை அலைந்துவிட்டேன். பின்கட்டு அறை போன வியாழக்கிழமை இடிந்தது. டிரங்குப் பெட்டி இப்போது என் கட்டிலுக்கு அடியில். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், வாலாஜாபாத் பக்கம் யார் வீட்டிலாவது பழைய செராமிக் தலை, 78 முள்ளோடு கிடந்தால் சொல்லுங்கள். தட்டோடு கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிஸ்கட் டப்பாவோடு நானே வந்துவிடுகிறேன்.